தெருவோரமும் நிலவாடகையும்: தரிப்பு மானியிலிருந்து உணரி வரை – ஒரு வரலாற்று நோக்கு

1

ஐக்கிய அமெரிக்காவின் பெருநகர மையங்களில் வாகனம் நிறுத்த இடங் கிடைக்காமை ஏறத்தாழ நூறாண்டு காலமாகப் பேசப்பட்டு வரும் பிரச்சினையாகும். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அதற்குப் புதியதொரு பரிகாரம் முன்வைக்கப்பட்டு வருகின்றது. தெருவோரத் தரிப்பிடம் ஒவ்வொன்றிலும் ஓர் உணரியைப் பதித்தல். அவ்விடம் வெறுமையாயுள்ளதா, நிரம்பியுள்ளதா என்பதை அவ்வப்போதே கணினிக்கு அறிவித்தல். அத்தகவலைக் கொண்டு சாரதிகளுக்கு வழிகாட்டுவதோடு தரிப்புக் கட்டணத்தையும் ஏற்றி இறக்குதல். இவையே அப்பரிகாரத்தின் கூறுகள்.

இதனை ஆதரிப்போர் பெரும்பாலும் பொறியியல் மொழியிலேயே பேசுவர். இடம் அரிது, அவ்வரிய இடம் பற்றிய தகவலோ அதனினும் அரிது, எனவே தகவலைப் பெருக்கினால் நெருக்கடி தணியும் என்பது அவர்தம் வாதம். எதிர்ப்போர் அறமொழியிற் பேசுவர். தெரு பொதுச்சொத்து, அதில் நிற்பதற்குக் கட்டணம் அறவிடுதல் அநீதி என்பர். இவ்விரு சாராரும் எழுப்பத் தவறும் வினா ஒன்றுண்டு. தெருவோரத்து நிலத்தை எவ்வகுப்பினர், எவ்வளவு நேரம், எவருடைய செலவிற் பயன்படுத்துகின்றனர் என்பதும், அந்நிலத்தினின்று எழும் வருவாய் எவரைச் சென்றடைகின்றது என்பதுமே அவ்வினா.

இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்று நோக்கில் அணுக முயல்கின்றது. 1935 இல் ஒக்லகோமா நகரில் நாட்டப்பட்ட முதலாவது தரிப்பு மானி முதல், 2011 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட உணரித் திட்டம் வரையுள்ள வளர்ச்சியை நோக்குமிடத்து, கருவிகள் மாறியபோதும் ஒரு போக்கு இடையறாது தொடர்ந்து வந்துள்ளமை புலனாகும். பொதுநிலம் முதலில் நேரக்கூறுகளாகப் பகுக்கப்பட்டது. பின் அளக்கப்பட்டு விலை குறிக்கப்பட்டது. ஈற்றில் நிலவாடகை தரும் சொத்தாயிற்று. ஆயின் அவ்வாடகை எவருக்குரியது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பது அரசியலே என்பது இக்கட்டுரையின் முடிபு.

இவ்விடத்து ஒரு சொல்லின் வரலாற்றையும் மனங்கொள்ளலாம். வாகனத்தை நிறுத்துதலைக் குறிக்கும் 'பார்க்' என்னும் ஆங்கிலச் சொல், இடைக்கால இங்கிலாந்திலே அரச அனுமதியோடு வேட்டை விலங்குகளுக்கென வேலியடைக்கப்பட்ட நிலத்தையே முதலிற் குறித்தது. பின்னர் பீரங்கிகளையும் படைவண்டிகளையும் வரிசைப்படுத்தி வைக்கும் இடத்தைச் சுட்டிற்று. அப்படைவழக்கின் வழியாகவே இன்றைய பொருள் தோன்றியது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'தரிப்பிடம்' என்னும் சொல்லோ தங்கிச் செல்லுதலை மட்டுமே உணர்த்துவது. அடைத்தல் என்னும் கருத்து அதில் இல்லை. ஆங்கிலச் சொல்லில் உறைந்து கிடக்கும் வேலியடைப்பின் நினைவு, பின்வரும் வரலாற்றுக்குப் பொருத்தமான முகவுரையாக அமைகின்றது எனலாம்.

2

மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே தெருவில் நிற்றல் சட்டப் பிரச்சினையாயிருந்தது. 1812 இல் இலண்டனின் சாரிங் குறொஸ் பகுதியிலே பயணிகள் வண்டிகள் நெடுநேரம் நிறுத்திவைக்கப்பட்டமை தொடர்பான வழக்கொன்று நீதியரசர் எலன்பரோ பிரபுவின் முன் வந்தது. ஆட்களை ஏற்றவும் இறக்கவும் வேண்டிய நியாயமான நேரம் வண்டி தெருவில் நிற்கலாம். ஒரு பயணத்தின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு உரிமையாளர் தமக்கெனத் தனியிடம் தேடிக்கொள்ளல் வேண்டும். அரசனின் பெருந்தெருவை எவரும் குதிரை லாயமாக்கலாகாது என அவர் தீர்ப்பளித்தார். தெரு செல்வதற்குரியது என்பதும், தனியார் வண்டியை வைத்திருக்கும் செலவு தனியாரையே சாரும் என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகளாகும்.

இக்கோட்பாட்டைத் தகர்த்தது பெருந்தொகை உற்பத்தி முறையே. ஃபோர்டு நிறுவனம் 1908 இல் 'மொடல் ரி' வாகனத்தை அறிமுகஞ் செய்தது; 1913 இல் அதன் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் இயங்கு பொருத்துவரிசை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வாகனம் இலட்சக்கணக்கில் விற்கப்படும் பண்டமாயிற்று. ஆனால் அப்பண்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தன் ஆயுளின் மிகப் பெரும்பகுதியை அது நின்றபடியே கழிக்கின்றது. நிற்பதற்கு நிலம் வேண்டும். அதுவும் வீட்டில் ஓரிடம், தொழிலகத்தில் ஓரிடம், கடைத்தெருவில் ஓரிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் வேண்டும். வாகனத்தை விற்றுப் பெற்ற இலாபம் உற்பத்தியாளருக்குச் சென்றது. அதனை நிறுத்திவைக்க வேண்டிய நிலத்தைச் சமூகம் தெருவிலிருந்து அளித்தது. இந்நிலக்கொடை எச்சட்டசபையிலும் வெளிப்படையாகத் தீர்மானிக்கப்பட்டதன்று. வாகனங்கள் வந்து நின்றன. நின்ற பின் அது உரிமையாயிற்று.

இதற்கெதிரான முயற்சிகளும் இருந்தன. 1920 ஏப்பிரலில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகர சபை நகர மையத்தில் பகல்வேளைத் தரிப்பைத் தடைசெய்தது. நெரிசலிற் சிக்கித் தவித்த டிராம் வண்டிகளுக்கு வழிவிடுவதே நோக்கம். வாகனம் வைத்திருந்தோர் ஊர்வலம் நடத்தினர். வியாபாரம் குறைந்ததென வணிகர் முறையிட்டனர். மூன்று வாரம் நிறைவதற்குள் தடை தளர்த்தப்பட்டது. 1928 ஜனவரியில் சிக்காகோவின் மையமாகிய 'லூப்' பகுதியில் விதிக்கப்பட்ட தடை இத்தகைய எதிர்ப்பைத் தாண்டி நிலைத்தது. அங்குள்ள பெருங்கடைகளுக்கு வந்தோரில் மிகச் சிறுபகுதியினரே தெருவோரத்தில் வாகனத்தை நிறுத்தினர் என்பது அளவீட்டால் தெளிவாகியிருந்தமையே காரணம். இரு நகரங்களிலும் மாநகர சபையின் முடிவை வழிநடத்தியது வணிக மூலதனத்தின் தேவை என்பதை இவ்வொப்பீடு காட்டுகின்றது.

3

தரிப்பு மானியின் தோற்றத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். ஒக்லகோமா நகரின் வர்த்தக சங்கம் தனது போக்குவரத்துக் குழுவின் பொறுப்பைக் கார்ல் மகீ என்னும் பத்திரிகையாசிரியரிடம் ஒப்படைத்திருந்தது. நகர மையத்துக் காரியாலயங்களிலும் கடைகளிலும் வேலை செய்வோர் காலையில் வந்து தெருவோரத்தில் வாகனத்தை நிறுத்தினால் மாலையிலேயே எடுத்துச் செல்வர். ஆகவே கொள்வனவு செய்ய வருவோருக்கு இடமில்லை. இதுவே வணிகரின் முறைப்பாடு. நேர எல்லை விதிக்கும் சட்டங்கள் முன்னரே இருந்தன. சக்கரத்திற் சுண்ணக்கட்டியாற் குறியிட்டு நேரங் கணிக்கும் பொலிஸ்காரரால் அவற்றைச் செவ்வனே நடைமுறைப்படுத்த இயலவில்லை. மனிதனின் இடத்தைப் பிடிக்கும் கடிகாரமொன்று தேவைப்பட்டது.

மகீயின் கருத்துக்கு இயந்திர வடிவம் தந்தவர்கள் ஒக்லகோமா விவசாய, இயந்திரவியற் கல்லூரியைச் சேர்ந்த ஹொல்கர் தூசனும் ஜெரல்ட் ஹேலும் ஆவர். 1935 யூலை 16 ஆந் திகதி, முதலாம் வீதியும் றொபின்சன் அவெனியுவும் சந்திக்கும் மூலையில் முதலாவது மானி நாட்டப்பட்டது. கட்டணம் மணித்தியாலத்துக்கு 5 சதம். தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் பரீட்சார்த்தமாக மானிகள் நிறுவப்பட்டபோது, மறுபக்கத்துக் கடைக்காரர் தமக்கும் அவை வேண்டுமெனக் கோரினர் என்பது இவ்வரலாற்றிற் பலமுறை கூறப்படும் செய்தி. மகீ 1935 மே மாதத்தில் விண்ணப்பித்த காப்புரிமை 1938 மே மாதத்தில் வழங்கப்பட்டது.

இந்த 5 சதத்தின் சமூகப் பொருளைக் கணித்துப் பார்த்தல் தகும். 1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமங்கள் சட்டம் மணித்தியாலத்துக்கு 25 சதத்தையே குறைந்தபட்சக் கூலியாக விதித்தது. அவ்வளவு கூலி பெறும் ஒருவர் எட்டு மணித்தியாலம் தரித்து நிற்க 40 சதம் செலுத்த நேரின், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட தமது கூலியை அதற்கே இழப்பார். அன்றியும் மானியின் நேர எல்லை நாள் முழுவதும் நிற்றலையே விலக்கியது. ஆகவே மானி அகற்ற முனைந்தது எவரை என்பதில் ஐயமில்லை. அதே கடைகளில் உழைத்து அவ்வணிகருக்கு இலாபம் ஈட்டித் தந்த ஊழியரையே அது அகற்றியது. ஊழியரின் வாகனம் எட்டு மணித்தியாலம் நின்ற இடத்தில் எட்டு வாடிக்கையாளரின் வாகனங்கள் வந்து போகலாம். தெருவோரத்தின் சுழற்சி வேகம் கடையிலுள்ள சரக்கின் சுழற்சி வேகத்தோடு இணைக்கப்பட்டது.

நீதிமன்றங்கள் இதனை உடனே ஏற்றுக்கொண்டன எனக் கூறுதற்கில்லை. 1937 இல் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் பேர்மிங்ஹாம் நகரின் மானிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மானிகளை அனுமதித்த பிற மாநில நீதிமன்றங்கள், கட்டணம் வருவாய்க்காக விதிக்கப்படுவதன்று, ஒழுங்குபடுத்தலுக்கானது என்னும் நியாயத்தையே பெரிதும் சார்ந்து நின்றன. பொதுத்தெருவை வாடகைக்கு விடுகின்றோம் என்று சொல்ல அன்றைய சட்டம் கூசிற்று. அக்கூச்சம் படிப்படியாக மறைந்த கதையே அடுத்த எழுபதாண்டுகளின் கதையாகும்.

மகீயின் வாழ்க்கையில் ஒரு முரண் உண்டு. நியூ மெக்சிக்கோவிற் பத்திரிகையாசிரியராயிருந்த காலத்தில், 'டீப்பொட் டோம்' ஊழலை அம்பலப்படுத்துவதிற் பங்குகொண்டவர் அவர். கடற்படைக்கென ஒதுக்கப்பட்டிருந்த அரச எண்ணெய் நிலங்களை உள்நாட்டலுவல்கள் செயலாளர் அல்பேர்ட் ஃபோல் 1922 இல் இரகசியமாகத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டமையே அவ்வூழல். பொதுநிலத்தின் குத்தகையை எதிர்த்தவரே பொதுத்தெருவுக்கு விலைகுறிக்கும் பொறியையும் தந்தார். இதனைத் தனிமனிதரின் குறையாகக் கொள்ளுதல் தவறு. அவர் கண்ட ஒழுங்கீனத்துக்கு அவர் காலத்து வணிக நகரம் அளித்த விடை அது.

4

முதலாவது மானிக்கு ஒரே விலையே தெரியும். காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும், நெரிசல் மிக்க சந்திக்கும் அதனருகேயுள்ள வெறிச்சோடிய குறுக்குத்தெருவுக்கும் அது வேறுபாடு காணாது. இக்குறையைக் கோட்பாட்டளவில் நீக்க முயன்றவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் விக்றி ஆவார். 1954 இல் எழுதிய கட்டுரையொன்றில், அருகில் எத்தனை இடங்கள் வெறுமையாயுள்ளன என்பதற்கேற்பக் கட்டணம் தானே ஏறி இறங்கும் மானிகளை அவர் முன்மொழிந்தார். இடம் நிறைய இருக்கும்போது கட்டணம் அற்றுப்போக வேண்டும் என்பதும் அவரது கருத்தே. 1959 இல் வாஷிங்டன் நகருக்கென இலத்திரனியல் முறையிற் சாலைக் கட்டணம் அறவிடும் திட்டமொன்றையும் கொங்கிரசின் குழுவொன்றின் முன் வைத்தார். 1996 இல் நோபல் பரிசு பெற்ற அவர், அறிவிப்பு வெளியான சில தினங்களிலேயே காலமானார். உணரி என்னும் கருவி இல்லாத காலத்திலேயே உணரியின் பொருளியல் எழுதப்பட்டுவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இச்சிந்தனையை நகரத் திட்டமிடலுக்குள் கொண்டுவந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (லொஸ் ஏஞ்சல்ஸ்) பேராசிரியர் டொனல்ட் ஷூப். 2025 இல் மறைந்த அவர், 2005 இல் வெளியிட்ட பெருநூலில், இலவசத் தரிப்பு உண்மையில் இலவசமன்று என்பதை விரிவாக நிறுவினார். தமது பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள வெஸ்ட்வுட் வில்லேஜ் கடைத்தெருவில் அவர் செய்த ஆய்வு பெரிதும் எடுத்தாளப்படுவது. 15 கட்டடத் தொகுதிகளே கொண்ட அச்சிறு பகுதியில், தெருவோர இடந் தேடி வாகனங்கள் சுற்றிய தூரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 950,000 மைல் என அவர் மதிப்பிட்டார். மலிவான தெருவோரத்தின் விலையைச் சாரதி பணமாகச் செலுத்தாது நேரமாகவும் எரிபொருளாகவும் செலுத்துகின்றார். அவரது புகையைச் சுவாசிக்கும் ஏனையோரும் அதிற் பங்கு செலுத்துகின்றனர்.

முற்போக்காளர் இவ்வாய்வை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தெருவோரம் பொதுச்சொத்து, ஆகவே அது இலவசமாயிருத்தல் வேண்டும் என்னும் வாதம் முதற்பார்வைக்குப் பொதுவுடைமைச் சார்புடையதாகத் தோன்றலாம். ஆனால் சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழப் பத்தில் மூன்று குடும்பங்களிடம் வாகனமே இல்லை. வாகனமற்றோரிற் பெரும்பங்கினர் வறியோரும் முதியோருமாவர். இலவசத் தரிப்பிடம் இவர்களிடமிருந்து வாகனமுடையோருக்குச் செல்லும் நிலக்கொடையாகும். ஆகவே இலவசம் என்பதும் ஒரு வர்க்க உறவே.

ஆயினும் ஷூப்பின் பரிகாரத்தையும் விமரிசன நோக்கோடு அணுக வேண்டும். அவர் தமது கருத்துக்கு முன்னோடியாக ஹென்றி ஜோர்ஜைச் சுட்டியவர். 1879 இல் வெளியான தமது நூலில், நிலவாடகை முழுவதையும் வரியாகப் பெற்றுச் சமூகத்துக்கு உரியதாக்க வேண்டுமென ஜோர்ஜ் வாதிட்டார். தெருவோரம் ஏற்கெனவே பொதுநிலம். எனவே அங்கு வாடகையை அறவிடுதல் எளிது என்பது ஷூப்பின் எண்ணம். மார்க்ஸ், மூலதனம் மூன்றாந் தொகுதியிலே கட்டட நிலத்தின் வாடகையை ஆராயுமிடத்து, அங்கு நிலத்தின் அமைவிடமே முதன்மை பெறுவதையும், உடைமையாளர் செயலற்றிருக்கச் சமூக வளர்ச்சியே வாடகையை உயர்த்துவதையும் எடுத்துக்காட்டினார். அந்த அளவில் ஜோர்ஜுக்கும் அவருக்கும் உடன்பாடுண்டு. ஆனால் 1881 யூன் மாதத்தில் சோர்கேக்கு எழுதிய கடிதத்தில், கூலியுழைப்பைத் தொடாது வாடகையை மட்டும் மாற்றியமைப்பது முதலாளித்துவத்தைக் காப்பாற்றும் முயற்சியே என ஜோர்ஜின் கோட்பாட்டை அவர் மறுத்தார்.

இம்மறுப்பின் பொருத்தத்தை ஷூப் போற்றிய எடுத்துக்காட்டிலேயே காணலாம். பழைய பசடீனா கடைத்தெருவில் 1993 இல் மானிகள் நாட்டப்பட்டபோது, வருவாய் அத்தெருவுக்கே செலவிடப்படும் என்னும் உறுதியின் பேரிலேயே வணிகர் இணங்கினர். நடைபாதைகள் திருத்தப்பட்டன, விளக்குகளும் மரங்களும் வந்தன, கடைத்தெரு செழித்தது. பொதுநிலத்தின் வாடகை அத்தெருவின் அழகாக மாறி, அருகிலுள்ள தனியார் நிலத்தின் பெறுமதியாகத் திரும்பியது. செழித்த தெரு மேலும் செழித்தது. அவ்வருவாயில் நகரின் ஏழைப் பகுதிக்குப் பங்கிருக்கவில்லை.

5

விக்றியின் எண்ணமும் ஷூப்பின் திட்டமும் உணரியோடு சந்தித்த களம் சான் பிரான்சிஸ்கோ. அந்நகரின் போக்குவரத்து முகவரகம் மத்திய அரசின் பெருநிதியுதவியோடு 2011 ஏப்பிரலில் 'எஸ்.எஃப்.பார்க்' என்னும் பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு பகுதிகளில் ஏறத்தாழ 7,000 தெருவோர இடங்கள், அதாவது நகரின் மானியுள்ள இடங்களிற் காற்பங்கு, இதில் அடங்கின. நகருக்குரிய தரிப்புக் கட்டடங்களும் சேர்க்கப்பட்டன. தெருத்தளத்தில் 8,200 உணரிகள் பதிக்கப்பட்டன. வாகனத்தின் இரும்புத் திணிவு புவியின் காந்தப்புலத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தை உணரும் காந்தமானியும் ஒரு பற்றரியும் சிறு வானொலிக் கருவியும் அடங்கிய பெட்டியே ஓர் உணரி.

கட்டண விதி எளிமையானது. ஒரு கட்டடத் தொகுதியின் தெருவோரம் 60 முதல் 80 சதவீதம் நிரம்பியிருப்பின் கட்டணம் மாறாது. 80 சதவீதத்துக்கு மேற்படின் மணித்தியாலத்துக்கு 25 சதம் கூடும். 60 இலிருந்து 30 வரை குறையின் 25 சதம் இறங்கும். 30 சதவீதத்துக்கும் கீழாயின் 50 சதம் இறங்கும். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளைகளுக்கு மூன்று கட்டணங்கள். மிகக் குறைந்தது 25 சதம். மிகக் கூடியது, விசேட நிகழ்வுகள் நீங்கலாக, 6 டொலர். சில வாரங்களுக்கொரு முறை திருத்தம் நடைபெற்றது. ஒவ்வொரு தெருத்துண்டும் தனக்கெனத் தனி விலை பெற்றது. அமைவிடத்தாலும் வேளையாலும் வேறுபடும் நிலவாடகையை இத்துணை நுணுக்கமாக அளந்த கருவி அதற்கு முன் இருந்ததில்லை.

2014 இல் வெளியான மதிப்பீட்டின் முடிபுகள் பலரும் எதிர்பாராதவை. மானிகளின் சராசரிக் கட்டணம் 2.69 டொலரிலிருந்து 2.58 டொலராகவும், கட்டடங்களில் 3.45 டொலரிலிருந்து 3.03 டொலராகவும் குறைந்தது. இடந் தேடும் நேரம் திட்டப் பகுதிகளில் 43 சதவீதம் குறைந்ததாகக் கூறப்பட்டது. ஒப்பீட்டுக்கென எடுக்கப்பட்ட பிற பகுதிகளில் அக்குறைவு 13 சதவீதமே. குற்றச்சீட்டுகளும் குறைந்தன. கட்டணத்தை ஏற்றுவதற்கான சூழ்ச்சியே உணரி என்னும் குற்றச்சாட்டு இவ்வெண்களின் முன் நிற்காது. அதேவேளை, அவ்வாண்டிலேயே சட்மன், மன்வில் ஆகிய ஆய்வாளர் ஓர் எச்சரிக்கையையும் விடுத்தனர். கட்டண உயர்வு சராசரி நிரம்பலைக் குறைத்தபோதும், வருபவருக்கு இடங் கிடைத்தல் அதே அளவில் மேம்படவில்லை என்பது அவர்களது முடிபு. சராசரி என்பது தேடி வருபவரின் அனுபவமன்று.

இத்திட்டத்தின் வரலாற்றில் மூன்று செய்திகள் தனிக்கவனத்துக்குரியவை. முதலாவது, உணரிகளின் முடிவு. மின்சார பஸ்களின் மேற்கம்பிகள் முதலியன ஏற்படுத்திய மின்காந்த இடையூறு அவற்றைத் தொடக்கம் முதலே தொல்லைப்படுத்தியது. பற்றரிகளின் ஆயுள் முடிய, 2013 டிசெம்பர் இறுதியில் உணரிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. ஆயினும் மாறும் கட்டணம் நிற்கவில்லை. மானிகளிற் செலுத்தப்பட்ட பணத்தின் பதிவுகளைக் கொண்டே நிரம்பலை மதிப்பிடலாம் என்பது கண்டறியப்பட்டது; பின்னர் அம்முறை நகர் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. உலகெங்கும் விளம்பரஞ் செய்யப்பட்ட உணரி இன்றியமையாததன்று என்பதும், நிலைபெற்றது விலை முறையே என்பதும் இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம். 2013 ஜனவரியில் அது தொடங்கியது. இடங் கிடைத்தல் தெளிவாக மேம்பட்டதென முகவரகத்தின் அளவீடே கூறியது. எனினும் போக்குவரத்து நிதிக்கான முன்மொழிவுகள் வாக்காளர் முன் செல்லவிருந்த 2014 இல், நகர முதல்வர் எட்வின் லீயின் வேண்டுகோளின்படி அக்கட்டணம் கைவிடப்பட்டது. 2012 இல் நகரின் கிழக்குப் பகுதிகளிற் புதிய மானிகளை நாட்ட முற்பட்டபோதும் குடியிருப்பாளரும் சிறுபட்டறைக்காரரும் எதிர்த்து நின்று திட்டத்தைப் பின்போடச் செய்தனர். தரவு தானாக ஆள்வதில்லை.

மூன்றாவது, ஒரு கைத்தொலைபேசிச் செயலி. 2014 இல் 'மங்கிபார்க்கிங்' என்னும் செயலி, தெருவோரத்தில் நிற்கும் ஒருவர் தாம் விட்டகலப் போகும் இடத்தை அடுத்தவருக்கு ஏலத்தில் விட வழிசெய்தது. நகரின் சட்டத்தரணி டெனிஸ் ஹெறேரா அவ்வாண்டு யூனில் அதனை நிறுத்துமாறு கட்டளையிட்டார். பொதுநிலத்தைத் தனியார் விற்கலாகாது என்பது நகரின் வாதம். அவ்வாதம் சரியானதே. ஆனால் இடத்துக்குச் சந்தை விலையுண்டு என்பதை மூன்றாண்டுகளாகக் கற்பித்து வந்த நகரில் இத்தகைய ஊகவணிகர் தோன்றியமை வியப்புக்குரியதன்று.

6

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காப்பு இருந்தது. 1999 இல் வாக்காளர் ஏற்றுக்கொண்ட சாசனத் திருத்தத்தின் விளைவாகப் பொதுப் போக்குவரத்தும் தரிப்பும் ஒரே முகவரகத்தின் கீழ் வந்தன. தெருவோரத்தில் ஈட்டிய பணம் பஸ்ஸையும் டிராமையும் ஓட்ட உதவியது. வாகனமுடையோர் செலுத்தியதன் ஒரு பகுதியேனும் வாகனமற்றோரைச் சென்றடைந்தது. இதே வருவாய் வேறோர் உடைமை உறவின்கீழ் என்னவாகும் என்பதைச் சிக்காகோ காட்டுகின்றது.

2008 டிசெம்பர் 2 ஆந் திகதி நகர முதல்வர் றிச்சர்ட் டேலி ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தார். நகரின் ஏறத்தாழ 36,000 தரிப்பு மானிகளை 75 ஆண்டுகளுக்கு மோர்கன் ஸ்டான்லி தலைமையிலான நிறுவனமொன்றுக்குக் குத்தகைக்கு விடுவதும், கைம்மாறாக 115 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையைப் பெறுவதுமே அதன் சாரம். இரண்டே நாள்களில் மாநகர சபை 40 க்கு 5 என்னும் வாக்குகளால் அதனை ஏற்றது. குத்தகை நகரிடமே இருந்திருப்பின் மேலும் 97 கோடி டொலர் பெறுமதி கிடைத்திருக்கும் என 2009 யூனில் நகரின் பொதுப் பரிசோதகர் கணித்துரைத்தார். பெற்ற பணத்திற் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே வரவுசெலவுத் திட்டப் பற்றாக்குறையை நிரப்பக் கரைந்தது. குடியிருப்புப் பகுதிகளில் 25 சதமாயிருந்த பல மானிகளின் கட்டணம் 2009 இல் ஒரு டொலராயிற்று. லூப் பகுதியில் 2013 அளவில் மணித்தியாலத்துக்கு 6.50 டொலராயிற்று. அபுதாபி அரச முதலீட்டு நிதியமும் ஜெர்மனியின் அலியான்ஸ் காப்புறுதி நிறுவனமும் பங்காளிகளாயின. குத்தகைக் காலத்திற் காற்பங்கு கழியுமுன்னரே முதலீட்டாளர் தம் முதல் முழுவதையும் மீட்டுவிட்டனர்.

பண இழப்பினும் பாரதூரமானது பிறிதொன்று. பஸ் வழிக்காகவோ, துவிச்சக்கரவண்டிப் பாதைக்காகவோ, தெரு விழாவுக்காகவோ நகரம் ஒரு தரிப்பிடத்தை மூடினால், உரிய வரம்புக்கு மேற்பட்ட இழப்பை நிறுவனத்துக்கு ஈடுசெய்ய வேண்டும் என ஒப்பந்தம் விதித்தது. தன் தெருவைத் தான் திருத்த நகரம் வாடகைக்காரனைப் போற் பணஞ் செலுத்தும் நிலை தோன்றியது. பொதுநிலம் பெயரளவில் நகருக்கே உரியது. அதன் வருங்காலமோ வேறொருவரின் கணக்கேட்டில் எழுதப்பட்டுவிட்டது. டீப்பொட் டோம் குத்தகைகளை ஊழலாற் பெறப்பட்டவையென 1927 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. சிக்காகோவில் இரகசியம் எதுவும் தேவைப்படவில்லை. மாநகர சபையின் வாக்கெடுப்பே போதுமானதாயிருந்தது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகள் பெறப்படும். மானியோ உணரியோ நெரிசலைத் தோற்றுவித்த காரணத்தைத் தொடுவதில்லை. நகர மையத்து நிலம் உயர் வாடகை தரும் தொழில்களுக்கு ஒதுக்கப்பட்டு, உழைப்போரின் வீடுகள் தொலைவுக்குத் தள்ளப்பட்டு, இடையே பொதுப் போக்குவரத்து நலிவுற்றிருக்கும்வரை, வாகனம் வந்து நிற்கவே செய்யும். அக்காரணங்களை அப்படியே விட்டு, கிடைக்கும் இடத்தைப் பங்கிடும் முறையை மட்டுமே இக்கருவிகள் மாற்றுகின்றன. விலையாற் பங்கிடும்போது, 6 டொலரைப் பொருட்படுத்தாதவருக்கும் ஒரு மணித்தியாலக் கூலியோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கும் ஒரே விலை ஒரே பொருளைத் தருவதில்லை.

ஆயினும் அளவீட்டை எதிர்த்தல் முற்போக்காகாது. அளக்கப்படாதிருந்த காலத்திலும் தெருவோரம் பங்கிடப்பட்டே வந்தது. வாகனமுடையோருக்கு அது தானமாக அளிக்கப்பட்டது. உணரி அத்தானத்தின் பெறுமதியை முதன்முறையாகச் சதக் கணக்கில் வெளிப்படுத்தியது. வெளிப்பட்ட வாடகையை பஸ் ஓட்டும் பணமாகவும் ஆக்கலாம், தொலைவிலுள்ள நிதியத்தின் பங்குலாபமாகவும் ஆக்கலாம் என்பதை இரு நகரங்களும் காட்டின. உணரிகளை அணைத்த சான் பிரான்சிஸ்கோவிடம் தெரு எஞ்சியது. சிக்காகோவின் குத்தகையோ, அதற்கு வாக்களித்த உறுப்பினரிற் பெரும்பாலோர் மறைந்த பின்னரே, 2080 களில் முடிவுறும்.

ஆகவே உணரிகளைக் கொள்வனவு செய்ய முற்படும் மாநகர சபை எதுவாயினும், அங்குள்ள மக்கள் முதலிற் கேட்க வேண்டியவை மூன்று: திரட்டப்படும் தரவு எவரிடம் இருக்கும்? வருவாய் எதற்குச் செலவிடப்படும்? நாளை அத்தெருவை மாற்றியமைக்கும் உரிமை எவருக்குண்டு? கருவியின் நுட்பம் பற்றிய வினாக்கள் இவற்றுக்குப் பின்னரே எழத்தக்கவை.